ஆறு மணிக்கு இன்னொரு ஷிப்டு!

"பையன் பேரைச் சொல்லுங்க" என்றார் கல்லூரி அலுவலகக் குமாஸ்தா, தலையைத் தூக்காமலே.

சன்னலுக்கு வெளியே நின்றவர் நம் தோழர். வயது 41. காதோரம் நரை. கையிலே விண்ணப்பத் தாள்; விரல் இடுக்கிலே, எந்தச் சோப்புக்கும் அசைந்துகொடுக்காத எண்ணெய்க் கறுப்பு.

"பையனுக்கு இல்லீங்க, எனக்குத்தானுங்க."

நிமிர்ந்தார் குமாஸ்தா. மேலும் கீழும் பார்த்தார். முத்திரையைக் குத்தித் தாளைத் திருப்பி நீட்டும்போது, "இந்த வயசுலயா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதல்ல. ஏதோ வாயில் வந்ததைக் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொற்களும் அன்றிரவு முழுவதும், இயந்திரத்தின் இரைச்சலையும் மீறித் தம் காதிலே கேட்டுக்கொண்டிருந்தன என்று தோழர் நம்மிடம் சொன்னார்.

கோவையிலே ஒரு பம்புத் தொழிற்சாலையில் 20 ஆண்டுகளாக இயந்திரம் ஓட்டுகிறவர் அவர். பாலிடெக்னிக்கில் படித்து டிப்ளமோ வாங்கியவர். ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து புதிதாக வந்து சேரும் இளைஞர்களை, இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தித் தொழில் பழக்குவது அவர்தான். எந்தச் சத்தம் நல்ல சத்தம், எந்தச் சத்தம் வந்தால் உடனே நிறுத்தவேண்டும், வெட்டுளி மழுங்கியிருப்பதை உதிரும் சுருளைப் பார்த்தே எப்படிக் கண்டுகொள்வது என்பதையெல்லாம் சொல்லிக் கொடுப்பார். ஆறு மாதம் கழியும். கற்றுக்கொண்டவர் மேற்பார்வையாளர் நாற்காலியில் இருப்பார். கற்றுக்கொடுத்தவர் அதே இயந்திரத்தின் முன்னே நிற்பார். இளைஞர்கள் மீது குற்றமில்லை. "அண்ணா, அண்ணா" என்று அன்பாகவே பழகுகிறார்கள். ஏனய்யா இப்படி என்று நிர்வாகத்தைக் கேட்டால், பதில் இரண்டே எழுத்தில் வருகிறது: பி.இ.

சரி, அந்த இரண்டெழுத்தையும் வாங்கிவிடுவோம் என்று துணிந்தார் தோழர். வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கென்று நடக்கும் பகுதிநேர வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். ஏழு பருவம், மூன்றரை ஆண்டு. மாலை 6 மணிக்குத் தொடங்கினால் இரவு 9 மணி வரை பாடம்.

துணிந்தவருக்கு என்னென்ன நேர்ந்தது என்பதை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். பார்த்ததால்தான் இதை எழுதுகிறோம்.

அவருடைய ஆலையில் வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். முதல் ஷிப்டு வாரத்தில் காலை 4.30 மணிக்கு எழவேண்டும். 6 முதல் 2 வரை ஆலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ரேஷன் கடைக்கு ஓடி, தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தால், கல்லூரிக்குப் புறப்படும் நேரம் வந்துவிடும். திரும்பி வர இரவு 10. அதற்குப் பிறகு புத்தகம், படிப்பதாகப் பெயர்! மூன்றாவது ஷிப்டு வாரத்தில் 9 மணிக்கு வகுப்பு விடும். 10 மணிக்கு ஆலைச் சங்கு ஊதும். புத்தகப் பையும் சோற்றுத் தூக்குமாக நேரே ஆலை வாயிலுக்குப் போய்விடுவார். விடிய விடிய வேலை. இரண்டாவது ஷிப்டு இருக்கிறதே, பகல் 2 முதல் இரவு 10 வரை, அந்த வாரம் முழுதும் கல்லூரிப் பக்கமே தலைகாட்ட முடியாது.

இங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும், தோழர்களே. மூன்று வாரத்தில் ஒரு வாரம் வகுப்பு இல்லை. ஒருநாள்கூட உடம்புக்கு வராமல், ஒரு கல்யாணம் காதுகுத்துக்குப் போகாமல், கொட்டும் மழையிலும் விடாமல் ஓடினாலும், நூற்றுக்கு 66 நாள் வருகைதான் தேறும். கல்லூரி விதி கேட்பதோ 75! அதற்குக் குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது உண்டாம். காய்ச்சல் வந்தால் மன்னிப்பு உண்டு; வேலைக்குப் போனால் மன்னிப்பு இல்லை! வேலையில் இருப்பவர்களுக்கென்றே ஏற்பட்ட வகுப்புக்கு இப்படி ஒரு விதி.

இது வெளியே தெரியும் சங்கடம். உள்ளே இருந்து அரித்தது வேறொன்று.

வகுப்பிலே பெரும்பாலோர் 25 வயதைத் தாண்டாதவர்கள். டிப்ளமோ முடித்து இரண்டு மூன்று ஆண்டுதான் ஆகிறது அவர்களுக்கு. கணக்கு ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே போவார். "இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்று அவர் தாண்டிப் போகிற இடம் எதுவோ, அதுதான் நம் தோழருக்கு அடியோடு மறந்துபோன இடம். கையைத் தூக்கிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யார் இவர்? போனஸ் தகராறில் ஆலை வாயிலில் நின்று முந்நூறு பேர் முன்னால் முழங்கியவர். மேலாளரின் மேசைக்கு எதிரே நின்று, "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்தவர். அந்த மனிதர், 22 வயதுப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்று அஞ்சிக் கடைசி பெஞ்சில் வாய்மூடி உட்கார்ந்திருந்தார். நாக்கு உலர்ந்துவிடும், நெஞ்சு படபடக்கும் என்றார். பரீட்சைக்கு முந்தின இரவு சோறு இறங்கவில்லை. விடியும் மட்டும் கண் மூடவில்லை.

வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது, 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் காலந்தொட்டு உழைப்பாளி பெற்றுவரும் உரிமை. அந்த ஓ.டி. பணத்தை நம்பித்தான் மளிகைக் கடைப் பாக்கியும், மகளின் பள்ளிச் செலவும் அடைபட்டு வந்தன. வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் ஓ.டி. நின்றது. ஆகவே, கல்லூரிக் கட்டணம் என்று ரசீதில் அச்சடித்திருப்பது ஒரு பாதிதான். மறுபாதிக்கு ரசீதே கிடையாது. துணைவியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் இரவு தோழர் வீட்டுக்கு வந்தபோது, ஆண்டுக்கணக்காக மூலையில் கிடந்த தையல் இயந்திரத்தை நடுவிலே இழுத்துப் போட்டு, எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மையார். அதைப் பார்த்த கணத்தில், படிப்பும் வேண்டாம் பட்டமும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது என்றார்.

முதல் பருவத்தில் கணக்கில் தோற்றார். தோற்றதும் பையை ஆணியில் மாட்டினார். இரண்டு வாரம் அது ஆணியிலேயே தொங்கியது.

ஆலைக் கேண்டீனில் இந்தச் சேதி பரவியது. "இந்த வயசுல படிச்சுக் கலெக்டராகப் போறியாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார் ஒருவர்; உடன் சிரித்தார்கள் பலர். யார் சிரித்தது? முதலாளியா? மேலாளரா? இல்லை, நம்மவர்களேதாம். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள், மே தினத்துக்குத் தோரணம் கட்டுகிறவர்கள். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மாள், 2018-ல், தம் 96-வது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கியபோது நாடே கொண்டாடியது. கொண்டாடவேண்டியதுதான், நாமும் மகிழ்ந்தோம். 96 வயதில் படித்தால் பாராட்டு. 20 வயதில் படித்தால் பெருமை. 41 வயதில், குடும்பச் சுமையைத் தோளில் வைத்துக்கொண்டு படிக்கிறவனைப் பார்த்து மட்டும், "உனக்கேன் இந்த வேலை?" என்று கேட்கிறோம்.

நாற்பதைத் தாண்டினால் மண்டையில் ஏறாது என்கிறார்களே, அது உண்மையா? அமெரிக்க உளநூல் அறிஞர் எட்வர்ட் தார்ன்டைக் இதையே ஆராய்ந்து, 1928-ல் வயது வந்தோர் கற்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கற்கும் ஆற்றல் இளமையோடு முடிந்துபோவதில்லை. வயது ஏற ஏறச் சிறுகச் சிறுகத்தான் குறைகிறது என்பது அவர் கண்டது. பின்னால் வந்த ஆராய்ச்சிகளும், வேகம் குறைகிறது, ஆனால் சொல்லறிவும் பட்டறிவும் நடுவயதைத் தாண்டியும் வளர்கின்றன என்றே சொல்கின்றன. இருபதில் ஒருமுறை படித்தது நாற்பதில் இரண்டுமுறை படிக்கவேண்டி வரலாம். அந்த இரண்டாம் முறைக்கு நேரம் வேண்டும். நேரந்தான் நம் தோழரிடம் இல்லை, மூளை இருக்கிறது.

இருக்கிறது என்பதற்குச் சாட்சியும் உண்டு. பொருள்களின் வலிமை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது ஒருநாள். சுழலும் தண்டு எந்த இடத்தில் முறியும், ஏன் முறியும் என்று கேட்டார் ஆசிரியர். சூத்திரத்தைச் சொன்னார்கள் இளைஞர்கள். கடைசி பெஞ்சிலிருந்து நம் தோழர், தம்மை மறந்து, "கீ வே மூலையிலதானுங்க முறியும்" என்று சொல்லிவிட்டார். எப்படித் தெரியும் என்றார் ஆசிரியர். முறிந்த தண்டுகளை எத்தனையோ முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் காடியின் மூலை கூர்மையாக இருந்தால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மூலையை லேசாக உருட்டி வெட்டிவிட்டால் தண்டு நாள்பட உழைக்கும். இதை எழுந்து நின்று சொன்னார். ஆசிரியர் பலகையில் படத்தை வரைந்து, "இவர் சொன்னதற்குத்தான் தகைவுச் செறிவு என்று பெயர்" என்றார். பெயர் இளைஞர்களிடம் இருந்தது. பொருள் இவர் கையில் இருந்தது. அன்று வகுப்பு முடிந்ததும் நாலைந்து பேர் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆலையில் பார்த்த வேறு முறிவுகளைப் பற்றிக் கேட்டார்கள். பதிலுக்குத் தங்கள் கணக்கு நோட்டைக் கொடுத்தார்கள்.

கணக்கில் கைகொடுத்தவர் இன்னொருவரும் உண்டு: பிளஸ் ஒன் படிக்கும் அவர் மகள். தொகையீடு அந்தப் பெண்ணுக்கும் அந்த ஆண்டுப் பாடத்தில் இருக்கிறது. "அப்பா, இந்த அடியை ஏன் விட்டீங்க?" என்று அவள் கேட்டபோது முதலில் சுருக்கென்றது. மூன்றாம் நாள் பழகிவிட்டது என்கிறார்.

ஆனால் மகள் சொல்லிக்கொடுத்தாலும், 66 என்பது 75 ஆகிவிடுமா?

மாலை வகுப்பு என்பது பொழுதுபோகாதவர்களுக்காகப் பிறந்ததல்ல. 1823-ல் லண்டனில் டாக்டர் ஜார்ஜ் பிர்க்பெக் முதலானவர்கள், பட்டறைகளில் பாடுபட்ட கைத்தொழிலாளர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்க ஒரு கழகம் கண்டார்கள். கூலிக்காரனுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று சீறியவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தக் கழகந்தான் பிர்க்பெக் கல்லூரியாக வளர்ந்து, லண்டன் பல்கலைக் கழகத்தின் அங்கமாக விளங்குகிறது. அதே பிரிட்டனில், சுரங்கத் தொழிலாளியின் மகளான ஜென்னி லீ அமைச்சராக இருந்து பாடுபட்டதால் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1969-ல் அமைந்தது. முன்தகுதி எதுவும் கேளாமல் 1971-ல் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. அதே 1971-ல்தான் நம் மதுரைப் பல்கலைக் கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. பஸ் கண்டக்டர்களும் போலீஸ்காரர்களும் ஆலைக் குமாஸ்தாக்களும் தபாலில் வந்த பாடத்தை இரவு விளக்கில் படித்துப் பட்டதாரிகள் ஆனார்கள். இதைப் படிப்பவர்களிலேயே சிலர் அப்படி ஆனவர்களாக இருக்கலாம்.

பிறகு 2002-ல் தமிழ்நாட்டுக்கும் ஒரு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் கிடைத்தது. 2009-ல் வந்தது ஓர் அரசாணை: பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது! தரத்தைக் காக்கவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்து, வா என்று அழைத்து, கட்டணம் வாங்கி, பாடம் நடத்தி, பரீட்சையும் வைத்துப் பட்டத்தைக் கையில் கொடுத்த பிறகு, "நீ முன்வாசல் வழியாக வரவில்லையே" என்றால், குடும்பத்தின் வயிற்றைக் கட்டிப் படித்தவன் எங்கே போவான்?

அது தனியே பேசவேண்டிய வழக்கு. நம் தோழரின் வழக்கு நேரத்தைப் பற்றியது. நேரத்தைக் கேட்டு வாங்க முடியுமா? வாங்கிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இத்தாலி நாட்டிலே 1970-ல் தொழிலாளர் உரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறியது; அந்த ஆண்டின் 300-வது சட்டம். அதன் பத்தாவது விதி, படிக்கிற தொழிலாளியைப் பற்றியது. வகுப்புக்குப் போகவும் பரீட்சைக்குத் தயாராகவும் வசதியான ஷிப்டு அவனுக்குத் தரவேண்டும். மிகைநேர வேலைக்கு அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பரீட்சை நாளில் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும். பல்கலைக் கழகத்தில் படிப்பவனுக்கும் அந்தப் பரீட்சை விடுப்பு உண்டு. சட்டம் வந்ததோடு அங்கே தொழிலாளர்கள் ஓயவில்லை. 1973-ல் உலோகத் தொழிலாளர் சங்கங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் எழுதி வாங்கின. மூன்றாண்டுக்கு 150 மணி நேரம், சம்பளத்தோடு, படிப்புக்காக! தொழிலாளி தன் சொந்த நேரத்திலிருந்தும் அதே அளவு போடவேண்டும் என்பது ஏற்பாடு. நம் தோழரைப் போல இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள்தாம் அவர்கள். சிறுவயதில் பள்ளியை விட்டு ஆலைக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் அந்த நேரத்தைக் கொண்டு நடுநிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்கினார்கள். பல்கலைக் கழகங்களிலும் அவர்களுக்காக வகுப்புகள் நடந்தன.

அந்தப் பேச்சுவார்த்தையைப் பற்றி அங்கே ஒரு கதை வழங்குகிறது. "உலோகத் தொழிலாளிக்குப் படிப்பு எதற்கு? பியானோவுக்கு மூத்த அந்தப் பழங்காலத்து வாத்தியத்தை வாசிக்கப் பழகவா?" என்று முதலாளிகள் தரப்பில் எகத்தாளமாகக் கேட்டார்களாம். விரும்பினால் அதையும் பழகுவான் என்றார்களாம் தொழிலாளர் தரப்பில்.

1974-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பே, சம்பளத்தோடு கல்வி விடுப்பு என்பதை 140-வது உடன்படிக்கையாக நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர்கள் நடத்திய போரின் நினைவாக, 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார் சிங்காரவேலர். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், மிச்சம் எட்டு மணி நமக்கு என்பது அந்தப் போரின் முழக்கம். அந்த மிச்ச எட்டை இன்றைக்குத் தேடிப் பார்த்தால், பாதி பஸ்ஸிலும் பாதி ஓ.டி.யிலும் கிடக்கிறது. ஊதிய உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் சீருடை, பால்படி, கேண்டீன் மானியம் என்று எத்தனையோ எழுதுகிறோம். படிக்கிறவனுக்குப் பரீட்சை நாள் விடுப்பு என்று நம் சங்கங்களில் எத்தனை சங்கம் எழுதியிருக்கிறது?

தோழரின் ஆலைக்குத் திரும்புவோம். பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில் சங்கத்துத் தோழர்கள் சிலர் அவரை அழைத்துப் பேசினார்கள். ஷிப்டை மாற்றித் தரும்படி அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். உற்பத்தி கெடும் என்று மறுத்திருந்தது நிர்வாகம். சங்கம் போய்ப் பேசியது. இரண்டு முறை பேச்சு நடந்த பின், வேறொரு தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தால் ஷிப்டை மாற்றிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்தார்கள். சம்மதிக்க யார் வருவார்கள்? இரண்டாவது ஷிப்டை யாரும் விரும்பி எடுப்பதில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம் வீட்டில் இருக்க முடியாதே!

வந்தார் ஒருவர். ஓய்வுபெறச் சில ஆண்டே இருக்கும் மூத்த தொழிலாளி. எட்டாவதோடு பள்ளியை விட்டவர். கேண்டீனில் கலெக்டர் கேலி செய்தாரே, அவரேதான்.

"செகண்ட் ஷிப்டை எம் பேருக்கு எழுதிக்க. பொழுதோட ஊட்ல உக்காந்து டி.வி. பாக்கறதுக்கு இங்கயே நின்னுட்டுப் போறேன்" என்றாராம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கலெக்டர் ஆனா எம் பேத்திக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு" என்று சொல்லிச் சிரித்தாராம். இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு.

இந்தப் பருவத்தில் தோழரின் வருகை நூற்றுக்கு 81. வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்தும் வழி இன்னும் அவருக்குத் தெரியவில்லை. தோற்ற கணக்கைத் திரும்ப எழுதும் பரீட்சைக்கு, நாம் இதை எழுதும்போது, ஒன்பது நாள் இருக்கிறது. அன்று ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.